முப்பத்தெட்டாவது பெயர்

7

திவாலானவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நாற்காலியைக் காட்டினால் நுனியில்தான் உட்காருவார்கள். முழுதாக உட்கார்ந்தால் அதையும் யாராவது ஜப்தி செய்துவிடுவார்களோ என்று ஒரு முன்ஜாக்கிரதை.

பைண்டர் நாற்காலியின் நுனியில் இருந்தார்.

எதிரே மேடம். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்து, அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். அலுவலகம் என்பது ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு கமா. கமா அவருடைய உதவியாளன். வயது முப்பத்து மூன்று. பேச்சை எங்கே நிறுத்துவது என்று தெரியாதவன் என்பதற்காகக் கல்லூரியில் வைத்த பெயர் வேலைக்கும் கூடவே வந்துவிட்டது.

பைண்டர் என்றால் நோட்டும் புத்தகமும் தைப்பவர். பதினாறு பேரை வைத்து வேலை வாங்கியவர். ஏழு வருடங்களுக்கு முன் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தார். கடன்காரர்கள் முப்பத்தேழு பேரின் பட்டியலைக் கோர்ட்டில் சத்தியம் செய்து கொடுத்தார். இருந்ததெல்லாம் ஏலத்தில் போனது. இனி இவர் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று நீதிபதி எழுதிக் கொடுத்தார். இப்போது வேறொருவர் பைண்டிங் கூடத்தில் கூலிக்குத் தைக்கிறார்.

முடிந்த கதைதான். ஆனால் போன மாதம் ஒரு வசூல் கம்பெனி, எட்டு வருடத்துப் பழைய புரோநோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது. உத்தரவும் வாங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜப்தி செய்யக் கோர்ட் அமீனா வருகிறார். எடுத்துக்கொண்டு போக பைண்டர் பெயரில் இருப்பது ஒரே ஒரு பொருள்: பேப்பர் வெட்டும் கட்டிங் மெஷின். அதுவும் அவருடையது இல்லை. மகள் ஜெராக்ஸ் கடையில் ஐந்து வருடம் நின்றே சம்பாதித்துச் சேர்த்து, செகண்ட் ஹாண்டில் வாங்கி, சின்னதாக ஒரு ஷெட் பிடித்து நோட்டுப் போட ஆரம்பித்திருந்தாள். மெஷின் விற்றவருக்கு அப்பாவைத்தான் தெரியும் என்பதால் பில் அப்பா பெயரில் போட்டுவிட்டார்.

இன்று செவ்வாய்க்கிழமை.

மேடம் புரோநோட்டின் ஜெராக்ஸைத் தள்ளி வைத்தார். “இதுல இருக்கறது உங்க கையெழுத்தா?”

“இந்தக் கம்பெனிகிட்ட நான் ஒரு பைசா வாங்கினதில்லீங்க.”

“கையெழுத்து?”

“இந்தக் கம்பெனி எந்தத் தெருவுல இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க. போலிம்மா இது. நீங்கதான் நிரூபிச்சுக் கொடுக்கணும்.”

மேடம் பட்டியலின் நகலைப் புரட்டினார். பேப்பர் வியாபாரி, பசை கம்பெனி, வட்டிக்கடை, கட்டிட முதலாளி. முப்பத்தோராவது பெயர் டீக்கடைக்காரருடையது.

“மேடம், டீக்கடை பாக்கிய நீதிபதிகிட்ட சொன்ன ஒரே மனுஷன் இவராத்தான் இருக்கும்” என்றான் கமா. “எங்க ஹாஸ்டல் கேன்டீன்காரர் கேட்டா அழுதிடுவார்.”

பைண்டர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். சட்டை பல வருடம் வெளுத்தது. காலர் மட்டும் வெளுக்காமல் இருந்தது. நைந்த காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல் தெரியாமல் யாரோ மறுபடி தைத்திருந்தார்கள். மேடம் அதைப் பார்த்தார். கமா அவர் பார்த்ததைப் பார்த்தான்.

“நம்புறீங்களா மேடம்?”

“கேட்ட கேள்விக்கு ஆள் பதில் சொல்லல. பக்கத்துக் கேள்விக்குச் சொல்றார். ரெண்டு தடவை.”

வசூல் கம்பெனி ஒரு மாடியில் இருந்தது. சுவரில் சூரிய உதயப் படம், அதன் கீழே ‘உங்கள் நிம்மதியே எங்கள் இலக்கு’. செத்த கடன்களைப் பழைய பேப்பர் விலைக்கு வாங்கி, உயிர் கொடுத்து, உடையவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது அவர்கள் தொழில். இதில் நிம்மதி எந்த இடத்தில் வருகிறது என்று கமா விசாரித்தான். டை கட்டிய அதிகாரி அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கோர்ட் உத்தரவு கையில் இருக்கும் தெம்பில் அசல் நோட்டையே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

எழுத்தெல்லாம் மங்கிய கறுப்பு மை. கடன் கொடுத்தவர் பெயர் மட்டும் பளிச்சென்று நீலம். கம்பெனியின் பெயர்.

“அந்த இடம் காலியா இருந்துச்சு. நோட்டு யார் கையில இருக்கோ அவங்க எழுதிக்கலாம். சட்டம்தான்” என்றார் அதிகாரி.

யாரிடம் வாங்கினீர்கள் என்று மேடம் கேட்டதற்கு, அதைச் சொல்லாமல் இருப்பதும் சட்டம்தான் என்றார். பிறகு, ஜெராக்ஸில் வராத பின்பக்கத்தை அவராகவே திருப்பிக் காட்டினார். அவருக்கு அதில் ஒரு பெருமை.

பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் வரவு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, ஒரு சின்னத் தொகை, பக்கத்தில் பைண்டரின் கையெழுத்து. எண்பத்தோரு வரவு. கடைசி வரவு நாலு மாதத்துக்கு முன்.

மேடம் போனின் விளக்கை நோட்டுக்குப் பக்கவாட்டில் பிடித்து நாலைந்து படம் எடுத்துக்கொண்டார்.

படிக்கட்டில் இறங்கும்போதே கமா ஆரம்பித்துவிட்டான். “நானும் எத்தனையோ போலிக் கையெழுத்துப் பார்த்திருக்கேன் மேடம். மாசாமாசம் ஒழுங்கா தவணை கட்டற போலியை இப்பதான் பார்க்கறேன். மனுஷன் நம்மகிட்ட பொய் சொல்லிட்டார். பீஸைத் திருப்பிக் கொடுத்துடலாம். ஆனா அவர் இன்னும் பீஸே கொடுக்கல. அதுவும் ஒரு வசதிதான்.”

“பொய்னு தெரிஞ்சு போச்சு. யாருக்காகன்னு தெரியல.” மேடம் போனை நீட்டினார். “எட்டு வருஷமா ஒரு ஆள்கிட்ட இந்தக் காகிதம் இருந்திருக்கு. பேர் எழுதிக்கணும்னு கூட தோணாத ஆள். காகிதத்தைப் பாரு.”

பக்கவாட்டு வெளிச்சத்தில், காகிதத்தின் இடது ஓரத்தில் ஊசித் துளைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் இரட்டைத் துளை. ஏதோ ஒரு நோட்டிலிருந்து கிழித்த தாள். அந்த நோட்டில் இதற்கு முந்தைய பக்கத்தில் யாரோ அழுத்தி எழுதிய எண்கள் இதில் மை இல்லாமல் பள்ளமாக விழுந்திருந்தன. 38. 34. 24. 15½.

“லாட்டரி நம்பர்” என்றான் கமா. “இல்லேன்னா பீரோ பூட்டு. இல்லேன்னா அவர் பிள்ளைகள் மார்க்.”

“உன் காலர்ல என்ன நம்பர் இருக்கு?”

கமா கழுத்தை எட்டாக வளைத்தும் அவனுக்குத் தெரியவில்லை. மேடமே பார்த்துச் சொன்னார். பதினைந்தரை.

மார்பு, இடுப்பு, கை, காலர்.

“டெய்லர் அளவு நோட்டு” என்றான். கொஞ்சம் யோசித்து, “இடுப்பு முப்பத்து நாலுன்னா நான் இல்ல” என்றும் சேர்த்துக்கொண்டான்.

ஷெட்டில் மகள் மட்டும் இருந்தாள். கட்டிங் மெஷினின் கத்தியை இறக்கி, ஐந்நூறு தாள் கட்டு ஒன்றை ஒரே அழுத்தலில் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய ஓரம் கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாலாயிரம் நோட்டு கொடுக்க வேண்டும், முன்பணமும் வாங்கியாகிவிட்டது என்றாள். மெஷின் இல்லையென்றால் அந்த முன்பணமே கடன். குடும்பத்தில் அடுத்த பட்டியல் அவளுடையதாக இருக்கும். இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மேடம் இரட்டைத் துளைப் படத்தைக் காட்டினார். இது எந்தத் தையல் என்று கேட்டார்.

மகள் பார்த்தவுடனே சொன்னாள். “அப்பா தையல். ஆனா இது விக்கிற தையல் இல்ல. விக்கிற நோட்டு சீக்கிரம் பிரிஞ்சாதான் அடுத்த நோட்டு வாங்குவாங்கன்னு அவரே சொல்லுவார். இரட்டை நூல் போட்டா பத்து வருஷம் ஆனாலும் பிரியாது. வருஷத்துக்கு ரெண்டே ரெண்டுதான் இப்படித் தைப்பார். எனக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு.”

“அத்தை டெய்லரா?”

“ஆமா. அப்பாவோட தங்கச்சி. ஏன்?”

“அப்பா காலர் திருப்பிக் கொடுக்கறது அவங்கதானே?”

“அவங்கதான். இன்னொரு சட்டை அங்கேயே கிடக்கு, நாலு மாசமா. அப்பா அத்தை வீட்டுக்குப் போறதையே விட்டுட்டார். போனா கதவைத் திறக்க மாட்டேங்கறாங்களாம். என்ன சண்டைன்னு எனக்கு யாரும் சொல்லல.”

கமா மேடத்தைப் பார்த்தான். நாலு மாதம். எண்பத்தோராவது வரவோடு நின்றுபோன நாலு மாதம்.

தையல்கடை ஒரு ஷட்டரில் பாதி. மறுபாதியில் சாவி வெட்டுபவர். நடுவில் பிளைவுட் தடுப்பு. தங்கை ஐம்பதைத் தொடும் பெண்மணி. கழுத்தில் டேப். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே பேசினாள். பேசும்போது துணியைத்தான் பார்த்தாள். மேஜையில் அளவு நோட்டு விரித்தபடி கிடந்தது. இரட்டை நூல், எட்டு வருடப் பழசு, ஒரு தாள்கூடப் பிரியவில்லை. கிழித்த ஒரு தாளைத் தவிர.

மறைக்க அவள் முயலவேயில்லை. கணவர் வேலை செய்த கம்பெனியில் விபத்தில் இறந்ததற்கு வந்த பணம் அது. அண்ணன் கூடம் தள்ளாடியபோது மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்தாள். அண்ணன்தான் பிடிவாதமாக அவள் நோட்டிலேயே ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெயர் எழுதும் இடத்தை மட்டும் விட்டுவிட்டார். தங்கச்சிகிட்ட வாங்கினதுக்குப் பேர் வேற எழுதணுமா என்றாராம்.

பிறகு கூடம் போனது. அண்ணன் மாதாமாதம் முதல் தேதி வருவார், ஏதோ கொஞ்சம் வைப்பார், பின்பக்கம் கையெழுத்துப் போடுவார், டீ குடிப்பார், போய்விடுவார். எழுபது எண்பது மாதம் இப்படியே.

நாலு மாதத்துக்கு முன் டை கட்டிய ஆள் வந்தான். அண்ணனின் பழைய கடன்களை மொத்தமாக வாங்குவதாகச் சொல்லி, வீட்டு விலாசம் கேட்டான். கையில் கோர்ட் பட்டியல் இருந்தது.

“என் பேரு எத்தனாவதுன்னு பார்க்கத்தான் அதை வாங்கினேன்” என்றாள். “முதல்ல இருக்கும்னு நெனச்சேன். முதல் பக்கத்துல இல்ல. ரெண்டாவது பக்கத்துலயும் இல்ல. டீக்கடைக்காரர் இருக்கார். தண்ணி கேன் போடறவர் இருக்கார். முப்பத்தேழு பேரு. நான் இல்ல.”

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

“அந்த ஆளு சொன்னான், உங்க பணத்தை அவர் கடனாவே நெனக்கலம்மான்னு. அவன் சொல்லாட்டியும் எனக்குத் தெரிஞ்சுடுச்சு. மாசாமாசம் வெச்சது கடன் இல்ல. விதவைத் தங்கச்சிக்கு ஏதோ கைச்செலவுக்கு. என் வீட்டுக்காரர் உயிரைக் கொடுத்த பணம், எனக்கே பிச்சையா வந்துட்டிருந்திருக்கு. அவன் பத்துல ஒரு பங்கு தரேன்னான். கொடுத்துட்டேன். கடை வாடகை மூணு மாச பாக்கி, அதுக்குச் சரியாப்போச்சு.”

அண்ணனிடம் கேட்கவில்லையா என்றார் மேடம்.

“கேட்டா ஏதாச்சும் சொல்லியிருப்பார். நல்லா சொல்லுவார்.”

மேடம் அளவு நோட்டை மூடி, தையலை ஒரு முறை விரலால் தடவினார். இன்சூரன்ஸில் இருந்த காலத்தில் கெட்ட செய்தி சொல்லும்போது அவர் பயன்படுத்திய குரல் ஒன்று இருந்தது. அதை எடுத்தார்.

“அந்த லிஸ்ட்டுல யார் பேரு ஏறுதோ, அவங்க கடனைக் கோர்ட்டு அடிச்சுடும்மா. அவர் திருப்பித் தர வேண்டியதில்லன்னு ஆயிடும். அந்த முப்பத்தேழு பேருக்கும் அதுதான் ஆச்சு. உங்க பணத்தை அடிச்சிடக் கூடாதுன்னுதான் உங்க பேரை எழுதல. சத்தியம் பண்ணி, நீதிபதிகிட்ட பொய் சொல்லி, ஒரே ஒரு பேரை மறைச்சிருக்கார். நீங்க மட்டும்தான் அவருக்குக் கடன்.”

மிஷின் நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சாவி வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன” என்றாள். “எண்பது டீ குடிச்சாரே.”

கமாவிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. சொல்லவில்லை. அவன் வாழ்க்கையில் இது இரண்டாவது முறை.

பிறகு அவள் கேட்டாள். “அந்தக் கையெழுத்தை நான்தான் போட்டேன்னு எழுதிக் கொடுத்தா மெஷின் தப்பிக்குமா?”

“தப்பிக்கும். நீங்க தப்பிக்க மாட்டீங்க.”

“பரவாயில்ல, எழுதுங்க.”

மேடம் எழுதவில்லை. வியாழக்கிழமை மாலை பைண்டரை ஷெட்டில் பிடித்தார். மகளும் இருந்தாள்.

பைண்டருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது, ஒன்றைத் தவிர. நோட்டு தங்கையிடமிருந்து திருடு போயிருக்கும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். துப்பறிய ஆள் வைத்ததே அந்த ஒரு வரியைக் காசு கொடுத்தாவது கேட்பதற்கு.

“திருட்டு இல்ல” என்றார் மேடம். “அவங்களே வித்தாங்க.”

அவர் தலையை ஆட்டினார். “எவ்வளவுக்கு?”

“பத்துல ஒரு பங்கு.”

“அவளை ஏமாத்திட்டானுங்க” என்றார்.

மேடம் மூன்று வழி சொன்னார். போலி என்று நாளைக்குள் மனுப் போடலாம். தங்கை பழியை ஏற்கத் தயார், ஜெயிலுக்குப் போவாள். பட்டியலில் விட்டுப்போனதை ஒத்துக்கொள்ளலாம். பொய்ச் சத்தியம், பழைய கடன் விடுதலையே ரத்தாகலாம், முப்பத்தேழு பேரும் வாசலுக்கு வருவார்கள். அல்லது சும்மா இருக்கலாம், மெஷின் போகும்.

“என்கிட்ட மறைக்காம முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லியிருந்தா, உங்க தங்கச்சியைப் பார்க்கவாவது ரெண்டு நாள் கூடக் கிடைச்சிருக்கும்” என்று மேடம் சொன்னபோது, பைண்டர் மெஷினின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்திருந்த கைப்பிடி.

“சும்மா இருந்துடலாங்க” என்றார்.

மகள் இவ்வளவு நேரமும் ஒரு தாள் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள்.

“அப்பா, அத்தைக்கு நீங்க நல்லவர். உங்களுக்கு அத்தை நல்லவங்க. உங்க ரெண்டு பேர் பாசத்துக்கு என் மெஷின்தான் கிடைச்சுதா?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு, இருக்கும் தாள்களை விடியும் முன் வெட்டிவிட முடியுமா என்று எண்ண ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் நம் பீஸ் என்ன ஆயிற்று என்று கமா விசாரித்தான்.

“லிஸ்ட்டுல முப்பத்தொன்பதாவது” என்றார் மேடம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அமீனா வந்தார். மூக்குக் கண்ணாடி, அட்டை, கார்பன் தாள். கெட்டவர் இல்லை; பத்தரைக்கு வேறு ஒரு வீடு இருந்தது. ‘கட்டிங் மெஷின், பழையது, ஒன்று’ என்று எழுதினார். நாலு ஆட்கள் அதை மரப்பலகைமேல் ஏற்றினார்கள். மகள் கத்தியைக் கழற்றி எண்ணெய் தடவி, பழந்துணியில் சுற்றி அவர்களிடமே கொடுத்தாள். ஜாக்கிரதை, கை போயிடும் என்றாள்.

பைண்டர் அமீனாவிடம் போய் நின்றார். கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் தன் தங்கையின் பெயரை எழுத முடியுமா என்று கேட்டார். கம்பெனி பெயர் இருக்கட்டும், பக்கத்தில் சின்னதாக.

“அந்த இடத்துல கம்பெனிதாங்க வரும்” என்றார் அமீனா. “வேற பேர் எழுதினா எனக்கு மெமோ கொடுப்பாங்க.”

பிறகு சுற்றிலும் பார்த்தார். ஜப்திக்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும், உறவு இல்லாத வெளியாட்கள். கமா ஒரு கையெழுத்துப் போட்டான். இரண்டாவது ஆளைத் தேடியபோதுதான் ஷெட் வாசலில் நின்ற பெண்மணியை எல்லோரும் பார்த்தார்கள். கழுத்தில் டேப்பைக் கழற்ற மறந்திருந்தாள். கையில் மடித்த சட்டை ஒன்று. காலர் புதிதாகத் திருப்பியது.

“நீங்க இவங்களுக்கு என்ன வேணும்மா?” என்றார் அமீனா.

அவள் அண்ணனைப் பார்த்தாள். மரப்பலகைமேல் நின்ற மெஷினைப் பார்த்தாள். தன்னைப் பார்க்காமல் நின்ற மருமகளைப் பார்த்தாள்.

“ஒண்ணும் வேணாங்க. சட்டை கொடுக்க வந்தேன்.”

அமீனா அட்டையை அவள் பக்கம் திருப்பி, இரண்டாவது சாட்சிக்கான கோட்டைப் பேனாவால் தட்டிக் காட்டினார்.

“பேரைக் கொஞ்சம் தெளிவா எழுதும்மா. கீழே மூணு காப்பி போகணும்.”

அவள் சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அழுத்தி எழுதினாள்.